பாம்புக்கடியும் பிரதம சிகிச்சையும்

உடுமலைப்பேட்டைத் தாலுகாவில் அமராவதிப் பாசனத்தில் கரும்பும் நெல்லும், பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட வாய்க்கால்களின்கீழ் தென்னையும் மக்காச்சோளமும் விளைந்து வருவதை யாவரும் அறிவர். விளைச்சல் மிகுந்த இடத்தில் எலி மிகும். எலி மிகுந்த இடத்தைப் பாம்பு நாடும். களத்துத் தானியத்தை எலியினின்றும் காப்பதனால், பாம்பை விவசாயியின் பகையென்று மட்டும் சொல்வதற்கில்லை. ஆயினும் இரவில் மடை திருப்பச் செல்பவரும், தட்டுப்போரில் கைவைப்பவரும், சாளையில் தரையிற் பாய் விரித்து உறங்குபவரும் அதன் கடிக்கு ஆளாகின்றனர். அவ்வமயம் செய்யத்தக்கது இன்னது, தகாதது இன்னது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

நம் தேசத்தில் 2000 முதல் 2019 வரை ஏறக்குறைய 12 லட்சம் ஜனங்கள் பாம்புக்கடியால் மாண்டனரென்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. சராசரி வருஷத்திற்கு 58,000 பேர். இவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டோர் 15 வயது நிரம்பாத சிறுவர். மரணங்களில் பாதிக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில் நேர்ந்தவை. மாண்டோரில் மிகப் பலர் கிராமவாசிகளே.

நால்வகைப் பாம்புகள்

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். முதலிரண்டின் விஷம் நரம்புகளைத் தாக்கும். இமை தொங்கும், நாக்குழறும், விழுங்க இயலாது, முடிவில் மூச்சு தடைப்படும். கட்டுவிரியன் இரவில் உறங்குபவரைக் கடிப்பது வழக்கம். அக்கடியில் வலியும் வீக்கமும் அற்பமாதலின் பலர் அறியாமலே கிடப்பர். விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலியும் கண் சொருகலும் கண்டால், பல்குறி தெரியாவிடினும் பாம்புக்கடியென்று சந்தேகிக்க வேண்டும். மற்றிரண்டு விரியன்களின் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். கடித்த இடம் வீங்கும். ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் காணும். கண்ணாடி விரியன் விஷத்தால் சிறுநீரகம் பழுதாவதும் உண்டு.

மருந்து ஒன்றே

இவ்விஷங்களை முறிக்கும் மருந்து ஊசி மூலம் செலுத்தும் விஷமுறிவு மருந்து ஒன்றே. குதிரைகளுக்குப் பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்து இதனைத் தயாரிக்கின்றனர். இதற்கு வேண்டிய விஷத்தைத் தருவதில் நம் மாகாணத்துக்கே பெரும் பங்குண்டு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர்.

இம்மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குமாதலின், வைத்தியர் முன்னிலையில் ஆஸ்பத்திரியிலேயே செலுத்தத்தக்கது. பாம்பு ஆளின் பருமன் பார்த்து விஷம் கக்குவதில்லை. ஆகவே குழந்தைக்கும் பெரியவர் அளவே மருந்து கொடுக்கப்படும். இதைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை.

செய்ய வேண்டியவை

1. கடிபட்டவரைப் பாம்பினின்றும் விலக்கிப் படுக்கவைத்துத் தைரியம் சொல்லுக. மனக்கலக்கமும் ஓட்டமும் விஷம் பரவுவதை விரைவாக்கும்.

2. மோதிரம், மெட்டி, வளையல், காப்பு, இறுகிய துணி இவற்றை வீக்கம் காணுமுன் கழற்றுக.

3. எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல, மூங்கிற் பட்டையோ கம்போ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் நிறுத்துக.

4. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்க.

5. 108 எண்ணுக்குச் சொல்லுக. வண்டி வரத் தாமதமெனத் தெரிந்தால் கிடைத்த வாகனத்தில் புறப்படுக. மோட்டார் சைக்கிளே உள்ளதெனில், ஓட்டுபவருக்கும் பின்னிருப்பவருக்கும் இடையே நோயாளியை அமர்த்துக. அவரை நடக்க விடலாகாது.

6. வாந்தியோ மயக்கமோ கண்டால் இடப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும்.

செய்யத் தகாதவை

கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சூடு போடுதல், பனிக்கட்டி வைத்தல், பச்சிலை பூசுதல், சாராயம் கொடுத்தல் இவை யாவும் தீமையே. கயிற்றால் இறுகக் கட்டுவதால் இரத்தவோட்டம் நின்று அவயவம் அழுகிப்போகலாம். முன்னரே எவரேனும் இறுகக் கட்டியிருந்தால், வழியில் திடீரென அவிழ்க்கலாகாது. ஆஸ்பத்திரியில் வைத்தியரே அவிழ்க்கட்டும். பாம்பைத் தேடிக் கொல்லப் புகுவது இரண்டாவது கடிக்கு இடமாகும்.

மந்திரித்துப் பிழைத்தவர் எங்களூரில் உண்டே என்று சிலர் கேட்பர். உண்மைதான். கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷம் கக்காமலே கடிப்பதுண்டு. அத்தகையோர் எதுவும் செய்யாவிடினும் பிழைத்திருப்பர். விஷம் ஏறியவரோ, மந்திரிக்கும் அந்த ஒரு மணியிலேயே உயிரிழக்கக்கூடும். மந்திரிக்கும் பெரியவரிடம் நம்பிக்கை உள்ளவர்கள் அவரையும் வண்டியில் உடனழைத்துச் செல்லட்டும். நோயாளிக்குத் தைரியமாவது உண்டாகும்.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்திற்கு

கடித்தபின் யோசிக்கத் தொடங்கினால் பொழுது வீணாகும். மழைக்காலத்திற்கு முன்பே, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் விஷமுறிவு மருந்து எங்கே இரவிலும் கிடைக்குமென விசாரித்து, சாவடியிலும் பால் சங்கத்திலும் எழுதி ஒட்டுக. இரவில் வாகனம் தரச் சம்மதிப்போர் நால்வரின் பெயரையும் அதில் சேர்க்க. மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024-ல் தமிழ்நாடு அரசாங்கம் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியுள்ளது. ஆஸ்பத்திரிக்கு வந்த கடிகளே கணக்கில் ஏறும். எவ்விடத்திற்கு எவ்வளவு மருந்து வேண்டுமென்பது அக்கணக்கினாலேயே விளங்கும்.

வருமுன் காத்தல்

இரவில் விளக்கும் கைத்தடியும் இன்றித் தோட்டத்திற்குச் செல்லலாகாது. முழங்கால் மறைக்கும் பூட்ஸை எஜமானர் தமக்கு மட்டுமன்றிப் பண்ணையாட்களுக்கும் வாங்கித் தருதல் வேண்டும். தென்னைமட்டைக் குவியலையும் தட்டுப்போரையும் வீட்டையொட்டி வைக்காதிருத்தல் நலம். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகி உறங்குவது கட்டுவிரியனுக்கு நல்ல தடை.

இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பமே. கரும்பும் தென்னையும் நஷ்டமானால் மறுபோகத்தில் ஈடுசெய்யலாம். குடும்பத்தில் ஒருவரை இழந்தால் எப்போகத்திலும் ஈடு இல்லை.