கடல் கடந்த கல்வியும் மாறும் பார்வையும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மூணாறு, பீர்மேடு முதலிய எல்லைப்பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இருமொழி வாழ்க்கை புதிதன்று. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம் என்பது 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக்குப் பின் வந்த தலைமுறைகளின் வழக்கம். இப்பகுதிகளிலிருந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கல்விக்கடன் கோரும் பெற்றோருக்கு வட்டியையும் தவணையையும் கடந்த ஒரு கவலையும் உண்டு. அங்கே சென்றபின் பிள்ளை நம் வழக்கங்களை மறந்துவிடுமோ என்பதே அது.

சட்டம் பயில 1888ஆம் ஆண்டு இலண்டன் சென்ற காந்தியடிகளின் அனுபவம் இதற்கு நல்ல விடை. புலாலும் மதுவும் தொடுவதில்லை எனத் தாயாருக்கு உறுதியளித்துவிட்டே அவர் கப்பலேறினார். அந்நகரில் பிரம்மஞான சபையைச் சார்ந்த நண்பர் இருவர் உடன் படிக்க அழைத்தபோதுதான் பகவத் கீதையை முதன்முறையாகப் படித்தார். அதுவும் எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில். விவிலியத்தின் மலைச் சொற்பொழிவும் அக்காலத்திலேயே அவர் உள்ளத்தைத் தொட்டது. பிறர் சமயத்தின்பால் மதிப்பும் தம் சமயத்தைப் பற்றிய அறிவும் ஒருசேர வளர்ந்தன.

எனினும், அயல்நாட்டில் வசிப்பதனால் மட்டுமே இம்மாற்றம் நிகழ்ந்துவிடாது. வேற்றினத்தாரிடையே தப்பெண்ணம் குறையச் சமமான தகுதி, பொதுக் குறிக்கோள், கூட்டு முயற்சி, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் துணைசெய்யும் என அமெரிக்க உளவியலறிஞர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் விளக்கினார். பல நாட்டு மாணவர் ஒரே குழுவாக ஆய்வறிக்கை தயாரிக்கும்போது இவை இயல்பாகவே அமைகின்றன. சொந்த ஊர் நண்பர்களுடனேயே தங்கிப் பொழுது கழிக்கும் மாணவருக்கோ, அந்நாட்டாருடன் உள்ள தொடர்பு கடைக்காரரோடும் வீட்டு உரிமையாளரோடும் நின்றுவிடுகிறது. வாடகைத் தகராறு ஒன்று நேர்ந்தால், அக்கசப்பே அந்நாட்டைப் பற்றிய முடிவாகிவிடும்.

ஆகவே, தங்குமிடத்தைத் தெரிவுசெய்வதில் கவனம் வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் கல்விக் கட்டணத்துடன் விடுதிக் கட்டணம், நூல்கள், பயணச் செலவு ஆகியவையும் அடங்கும். முதலாண்டிலேனும் பல்கலைக்கழக விடுதியில் தங்குவதற்கான தொகையை விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தே தவணை தொடங்கும் என்றாலும், வட்டி அக்காலத்திலும் கணக்கிடப்படும் என்பதை நினைவிற்கொள்க.

தாய்மொழியை இழக்காமல் அயலார் மொழியில் பழகுவதை நம் எல்லைப்புறப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கற்றவர்கள். அப்பழக்கம் அயல்நாட்டிலும் கைகொடுக்கும். சென்று சேரும் நாட்டின் மொழியில் நாலு சொல்லையேனும் புறப்படுமுன் அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.