கேமராவைக் குனிய வைத்தால் லென்ஸ் தானாக இறங்குகிறதா? தோட்டத்துப் பழைய படங்களை நகலெடுப்போர் கவனத்திற்கு

பாட்டி அந்தப் படத்தைப் பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ரந்தாவ் பக்கம், இப்போது அதிகம் ஆள் இல்லாத ஒரு தோட்டத்தின் கோயில் திருவிழா. அங்கிருந்து பிரிந்து போன குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் நாள் அது. வீட்டிலுள்ள பழைய படங்களைக் கொண்டு வந்தால் நகலெடுத்துக் கொடுப்பதாக ஆலய நிர்வாகத்தினர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு டிரைபாட், மேசையைப் பார்த்துக் குனிந்த கேமரா. எடுக்கும் பொறுப்பு எனக்கு.

"ஒரே ஒரு படம்தான் இருக்கு தம்பி. பார்த்து எடு" என்றார் பாட்டி. அவருடைய அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் லயத்து வீட்டு வாசலில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம்.

அன்றிரவு கணினியில் போட்டுப் பார்த்தபோது வயிறு கலங்கியது. நடுவில் இருந்த அம்மாவின் முகம் தெளிவாக இருந்தது. ஓரத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளின் முகம் மட்டும் வெளிப்பக்கமாக இழுபட்டுக் கோடு கோடாகக் கிடந்தது. அன்று எடுத்தவற்றில் பாதிக்கு மேல் இதே கதி. காரணம், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்த ஒரு சின்னக் கோளாறு. குனிந்திருந்த கேமராவில் ஸூம் லென்ஸ் தன் கனத்தால் தானாகவே மெல்ல இறங்கியிருக்கிறது.

சிரம்பானைச் சுற்றிப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் உடைபடும் முன்பும் ஒன்றுகூடல்களிலும் பழைய படங்கள், சிவப்பு அடையாளக் கார்டுகள், சங்க உறுப்பினர் அட்டைகள், சயாம் மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் படங்கள் என்று நகலெடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். எடுத்து முடித்ததும் படம் உரியவருடன் வேறு ஊருக்குப் போய்விடும். அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

ஏன் இறங்குகிறது?

ஸூம் லென்ஸுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் இருக்கும். கண்ணாடிகளைத் தாங்கும் குழாயின் பக்கத்தில் சிறு முளைகள் உண்டு. அவை இன்னொரு குழாயில் சரிவாக வெட்டிய பள்ளங்களில் ஓடும். நாம் ஸூம் வளையத்தைத் திருப்பும்போது முளைகள் அந்தச் சரிவில் ஏறி, கண்ணாடிகள் முன்னே வருகின்றன.

மலைமேல் இருக்கும் துரை பங்களாவுக்குப் போகும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறும் பாதையில் சைக்கிளை நிறுத்தினால் நிற்கும். செங்குத்தான குறுக்குப் பாதையில் நிறுத்தினால் தானாகவே உருளும். 18-55 போன்ற லென்ஸில் கண்ணாடி சிறியது, கனமும் குறைவு. 18-200, 18-300 போன்றவற்றில் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாலே குழாய் நீண்ட தூரம் வெளியே வர வேண்டும். அதனால் பள்ளத்தின் சரிவு அதிகம். முன்பக்கக் கண்ணாடியும் கனமானது. அதைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் உராய்வு மட்டுமே. நாளடைவில் முளைகளின் உறை தேயும், கிரீஸ் இளகும், பிடிப்புக் குறையும்.

ஆகவே இது பழைய லென்ஸுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. சில லென்ஸ்கள் புதிதாக வாங்கும்போதே இறங்கும். 2005இல் வந்த நிக்கோன் 18-200 லென்ஸ் இதற்குப் பேர் போனது. 2009இல் வந்த அதன் அடுத்த பதிப்பில் பூட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். கேனோன் 24-105 எல் லென்ஸும் அப்படித்தான். 2005இல் வந்ததில் பூட்டு இல்லை, 2016இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்டு.

படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

வெயிலில் எடுக்கும்போது ஷட்டர் வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்தான் திறக்கும். அதற்குள் லென்ஸ் எவ்வளவு நகர்ந்துவிடும்? படம் கெடாது, நாம் பார்த்து வைத்த சட்டகம்தான் கொஞ்சம் மாறும். மண்டப வெளிச்சத்தில் பளபளப்பான பழைய படத்தை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது ஷட்டர் ஒரு வினாடிகூடத் திறந்திருக்கும். சிக்கல் அங்கேதான்.

நடுப்பகுதி தெளிவாக இருந்து, ஓரங்கள் நடுவிலிருந்து வெளியே சிதறியது போல இழுபட்டிருந்தால் லென்ஸ் இறங்கியிருக்கிறது. படம் முழுவதும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. இழுபடாமல் மங்கலாக மட்டும் இருந்தால் ஃபோகஸ் சரியில்லை. இதற்கும் லென்ஸ் இறங்கியது காரணமாக இருக்கலாம். பல ஸூம் லென்ஸ்களில் ஸூம் மாறினால் ஃபோகஸும் மாறிவிடும்.

முதல் நாளே வீட்டில் சோதித்துப் பாருங்கள். லென்ஸை நடு எண்ணில் வையுங்கள், 18-200 என்றால் 50 அல்லது 70. கேமராவைத் தரையைப் பார்த்துப் பிடித்து, விரலால் லேசாகத் தட்டி, ஒரு நிமிடம் கழித்து எண்ணைப் பாருங்கள். பிறகு வானத்தைப் பார்த்துப் பிடித்தும் பாருங்கள். பெரும்பாலான லென்ஸ்கள் கீழே பார்த்தால் நீளும், மேலே பார்த்தால் சுருங்கும். பழைய கைக்கு மாறிய லென்ஸ் வாங்கும்போதும், காசு கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

செலவில்லாமல் நிறுத்தும் வழிகள்

முதலில், படத்தைக் கீழே வைப்பதை விட்டு நிமிர்த்தி வைக்க முடியுமா பாருங்கள். இசைக் கலைஞர்கள் தாள் வைக்கும் ஸ்டாண்ட் போதும். கேமரா நேராகப் பார்த்தால் லென்ஸுக்கு இறங்க வேலையே இல்லை. படமும் கேமராவும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும்படி வையுங்கள், இல்லையென்றால் சட்டகம் கோணலாகும். பழைய படத்தைப் பசையோ டேப்போ போட்டு ஒட்டவே கூடாது.

கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால், லென்ஸ் முழுவதும் வெளியே வந்திருக்கும் எண்ணுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதற்குமேல் இறங்க இடமில்லை. டிரைபாட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும். செம்பனைக் குலையையோ கோபுரத்தையோ அண்ணாந்து எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக, முழுவதும் சுருங்கிய நிலையில் எடுக்கலாம். ஸூம் ஆகாத 50 மில்லிமீட்டர் லென்ஸ் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குவது இன்னும் நல்லது.

நடு எண்ணில்தான் நிறுத்த வேண்டும் என்றால் ஒரு பட்டை போதும். ஓட்டப் பந்தயங்களில் கொடுக்கும் சிலிகோன் கைப்பட்டையை, பாதி ஸூம் வளையத்தின் மேலும் பாதி அசையாத பகுதியின் மேலும் இருக்கும்படி மாட்டுங்கள். அந்த உராய்வு லென்ஸைப் பிடித்துக்கொள்ளும், கையால் திருப்பினால் திரும்பவும் செய்யும். கைப்பட்டை இல்லாவிட்டால் பழைய மோட்டார் சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். பெரிதாக இருந்தால் சுற்றிக் கட்டுங்கள். ஃபோகஸ் வளையத்தையும் பக்கத்திலுள்ள பொத்தான்களையும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்ட் அவசரத்துக்கு உதவும், ஆனால் அதை லென்ஸிலேயே விட்டுவிடாதீர்கள். பால்மரம் சீவிய குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இயற்கை ரப்பர் வெயிலிலும் வெப்பத்திலும் இளகிப் பிசுபிசுக்கும். லென்ஸில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. டேப் போடுவதானால் சாயம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் போடுங்கள், வேலை முடிந்ததும் உரித்துவிடுங்கள்.

எப்படிப் பிடித்தாலும், ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 வினாடி டைமரில் விடுங்கள். ஒவ்வொரு படத்தையும் எடுத்தவுடன் திரையில் பெரிதாக்கி, நடுவை மட்டும் பார்க்காமல் நான்கு மூலைகளையும் பாருங்கள். அன்று நான் நடுவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

பூட்டு இருந்தால் போதுமா?

பல லென்ஸ்களில் உள்ள பூட்டு, முழுவதும் சுருங்கிய நிலையில் மட்டுமே பூட்டும். அது தூக்கிக்கொண்டு நடப்பதற்கு, படம் எடுப்பதற்கு அல்ல. டாம்ரோன் 150-600 இரண்டாம் பதிப்பு போன்ற சிலவற்றில்தான் எந்த எண்ணிலும் நிறுத்த முடியும். 1998இல் வந்த கேனோன் 100-400 லென்ஸில் பிடிப்பை இறுக்கவும் தளர்த்தவும் தனி வளையம் உண்டு.

தூக்கிச் செல்லும்போது பூட்டைப் போடுங்கள். செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது தொங்கும் லென்ஸ் நீண்டு சுருங்கி, உள்ளே இடித்துக்கொண்டே வரும். நீளும்போது காற்றோடு தூசியையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். நம் நாட்டு ஈரப்பதத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்க அதுவே போதும்.

செய்யக் கூடாதவை

லென்ஸுக்குள் எண்ணெய் விடாதீர்கள். அது உராய்வை இன்னும் குறைக்கும், கசிந்து கண்ணாடியிலும் துவாரத் தகடுகளிலும் படியும். திருகாணிகளைக் கழற்றி நீங்களே இறுக்கப் பார்க்காதீர்கள், கண்ணாடிகளின் நேர்க்கோடு தப்பிவிட்டால் ஒரு பக்கம் எப்போதும் மங்கலாகவே இருக்கும். வளையம் திருப்பும்போது கரகரத்தாலோ நடுவில் சிக்கினாலோ தேய்மானம் அதிகம் என்று அர்த்தம். அப்போது பழுது பார்ப்பவரிடம் முதலில் விலை கேளுங்கள். லென்ஸின் விலையில் பாதிக்கு மேல் சொன்னால் பட்டையே மேல்.

மறுவாரம் செனாவாங்கிலுள்ள மகள் வீட்டுக்குப் போய், டியூப் துண்டு மாட்டிய அதே லென்ஸில் பாட்டியின் படத்தை மறுபடி எடுத்தேன். ஓரத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளில் சின்னவள் பாட்டிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. பாட்டியும் இருந்தார், படமும் இருந்தது. எல்லா முறையும் அப்படி அமையாது. அடுத்த திருவிழாவுக்குக் கேமராப் பையைக் கட்டும்போது ஒரு பட்டையையும் போட்டுக்கொள்ளுங்கள்.