பாலைவன மலையில் பாறை ஓவியங்கள்

அல்ஜீரியா நாட்டின் தென்கிழக்கு மூலையில், லிபியா எல்லையை ஒட்டி, சகாரா பாலைவனத்தின் நடுவே ஒரு மணற்கல் பீடபூமி உயர்ந்து நிற்கிறது. அதன் பெயர் தஸ்ஸிலி நஜ்ஜேர். யுனெஸ்கோ நிறுவனம் 1982ஆம் ஆண்டில் அதனை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் பரப்பளவு ஏறத்தாழ 72,000 சதுர கிலோமீட்டர். பகாங் மாநிலத்தைப் போல் இரண்டு மடங்கு. அங்குள்ள பாறைகளில் 15,000க்கும் மேற்பட்ட ஓவியங்களும் செதுக்கல்களும் காணப்படுகின்றன.

இவற்றைக் காணச் செல்வோர் ஜானெத் என்னும் பாலைவனச் சோலை நகரிலிருந்து புறப்படுகின்றனர். மலைமேல் வண்டி செல்லாது. செங்குத்தான கணவாய் வழியே நடந்துதான் ஏற வேண்டும். கூடாரம், அரிசி, மாவு, தண்ணீர் ஆகியவற்றைக் கழுதைகள் சுமந்து வரும். துவாரெக் இனத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் உடன் வருவது கட்டாயம். இது வெறும் சம்பிரதாயம் அன்று. காற்று அரித்த பாறைத் தூண்கள் காடுபோல் நெருங்கி நிற்பதால், புதியவருக்கு எல்லாச் சந்துகளும் ஒன்றுபோலவே தெரியும். மழைநீர் தேங்கும் பாறைக் குட்டை எங்கே இருக்கிறது, இந்த மாதம் அதில் நீர் இருக்குமா என்பதெல்லாம் அந்த மக்களுக்குத்தான் தெரியும்.

பகலில் வெயில் சுட்டாலும், குளிர்காலத்து இரவில் வெப்பநிலை 0 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். கூடாரத்தை வறண்ட ஆற்றுப் படுகையில் அடிப்பதில்லை. மணல் மெத்தென்று இருக்கும், காற்றும் குறைவு. ஆயினும், தொலைவில் எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்து சேரலாம். காலையில் காலணியை உதறிவிட்டுத்தான் அணிய வேண்டும். உள்ளே தேள் புகுந்திருக்கக்கூடும். உணவு எளிமையானது. பிசைந்த மாவைச் சூடான மணலில் புதைத்து, மேலே தணலைப் பரப்பி ரொட்டி சுடுகின்றனர். வெந்ததும் மணலைத் தட்டிவிட்டு, பிய்த்துக் குழம்பில் போட்டு உண்கின்றனர். அதற்குப் பின் மூன்று முறை தேநீர். முதல் குவளை கசக்கும்; மூன்றாவது இனிக்கும்.

ஓவியங்களில் ஒட்டகம் மட்டுமே இருந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அங்கே யானை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது, நீர்யானையும் இருக்கிறது. நீரின்றி வாழாத விலங்கு பாலைவனப் பாறையில் எப்படி வந்தது? பூமியின் அச்சும் சுற்றுப்பாதையும் பல்லாயிரம் ஆண்டுகளில் சிறிது சிறிதாக மாறுகின்றன. அந்த மாற்றத்தால் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கப் பருவமழை இன்றைவிட வடக்கே வெகுதூரம் சென்று பெய்தது. அப்போது சகாராவில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பசுமை மறையத் தொடங்கியது. ஓவியங்களும் மாறின. காட்டு விலங்குகளை அடுத்து மாட்டு மந்தைகளும் மேய்ப்பர்களும், பின்னர் குதிரை பூட்டிய தேர்களும், கடைசியாக ஒட்டகங்களும் வரையப்பட்டன. மிஞ்சிய சில குட்டைகளில் முதலைகள் 20ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்தன என்பது இன்னும் வியப்பான செய்தி.

இந்த ஓவியங்களை உலகறியச் செய்தவர்களுள் பிரெஞ்சு ஆய்வாளர் ஹென்றி லோத் முக்கியமானவர். 1956ஆம் ஆண்டில் அவர் ஓவியர்கள் சிலரை அழைத்துக்கொண்டு மலையேறினார். ஜெப்ரின் என்ற துவாரெக் முதியவர் வழிகாட்டினார். அக்குழுவினர் பல மாதம் அங்கேயே முகாமிட்டு, ஓவியங்களை அதே அளவில் தாளில் படியெடுத்தனர். பாரிஸ் நகரில் அப்படிகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரண்டனர். ஆனால், படியெடுத்த முறையில்தான் சிக்கல் இருந்தது. ஓவியங்களின் மேல் தூசு படிந்து நிறம் மங்கியிருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்ததும் செம்மண் நிறமும் மஞ்சளும் பளிச்சென்று தெரிந்தன. அந்தப் பளிச்சிடல் ஈரம் காயும்வரைதான். நீர் உலரும்போது பாறைக்குள்ளிருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகிறது. நிறத்தைத் தாங்கிய மெல்லிய படலமும் தளர்கிறது. அவருக்குப் பின் வந்த பயணிகளும் தெளிவான புகைப்படத்திற்காகப் பாறையில் தண்ணீரை ஊற்றினர். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருந்த சில ஓவியங்கள் சில பத்தாண்டுகளிலேயே வெளிறிப்போயின. பார்க்க வேண்டும் என்ற ஆசையே பார்ப்பதற்கு இல்லாமல் செய்துவிட்டது.

அதற்காக லோத் மீது மட்டும் பழியைச் சுமத்துவது நியாயமாகாது. நீரால் விளையும் கேட்டை அன்று பலர் உணர்ந்திருக்கவில்லை. அவர் குழு வரைந்த படிகள் இன்று ஆய்வாளர்களுக்குச் சான்றாகவும் பயன்படுகின்றன. எனினும், அவற்றை அப்படியே நம்பிவிட முடியாது. வரைபவரின் கற்பனையும் கையோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

இப்போது ஓவியங்களைத் தொடவும் நனைக்கவும் தடை உள்ளது. தரையில் கிடக்கும் அம்பு முனையையும் அரைகல் துண்டையும் எடுத்துச் செல்லக் கூடாது. ஒரு கல் எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை வைத்தே அங்கு ஏரிக்கரை இருந்ததா, குடியிருப்பு இருந்ததா என்று தொல்லியலாளர் கணிக்கின்றனர். பையில் போட்டுக்கொண்டால் அது வெறும் கல்தான். முகாமில் அடுப்பெரிக்க மரக்கிளையை ஒடிப்பதும் குற்றம். அம்மலையில் மட்டுமே இயற்கையாக வளரும் சகாரா சைப்ரஸ் மரங்கள் ஏறத்தாழ 230தான் எஞ்சியுள்ளன. அவற்றுள் சில 2,000 ஆண்டுகள் வயதுடையவை என்று மதிப்பிடப்படுகிறது. போதிய ஈரமில்லாததால் புதிய கன்றுகள் அரிதாகவே முளைக்கின்றன.

மங்கிய ஓவியத்தைத் தெளிவாகப் பார்க்க வேறு வழியும் வந்துவிட்டது. சாதாரணப் புகைப்படம் ஒன்றைக் கணினியில் ஏற்றி, கண்ணுக்குப் புலப்படாத நிற வேறுபாடுகளை மென்பொருள் மூலம் மிகைப்படுத்திக் காட்டலாம். வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் ஒரு மாட்டின் கொம்பு தெரியும். அதன் பின்னே மேய்ப்பனின் கை தெரியும். அதற்குச் சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை.