உங்களுக்குத் தெரியுமா? ஆதார் சர்வருக்கு நேர்வழி இல்லை

திருப்பூணித்துறையின் ரேஷன் கடையில் இ-போஸ் (மின்னணு விற்பனை முனை) கருவியின் மீது அட்டைதாரர் விரல் வைக்கும்போது, 2009இல் தொடங்கப்பட்ட இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் மையத் தரவுக் களஞ்சியத்தோடு அக்கருவி நேரடியாகப் பேசுவதில்லை.

ரேகைத் தரவு 256 பிட் சாவியால் மறையாக்கம் செய்யப்படுகிறது. அதாவது, சாவி இல்லாதவர் படிக்க இயலாத குறியீடாக மாற்றப்படுகிறது. அந்தச் சாவியும், ஆணையம் மட்டுமே திறக்கக்கூடியவாறு, அதன் 2048 பிட் பொதுச்சாவியால் பூட்டப்படுகிறது. இவ்வாறு பூட்டிய கோரிக்கை, சேவை நிறுவனத்தின் வழியாக, உரிமம் பெற்ற இடைநிலை முகமையை அடைந்து, அங்கிருந்து பொது இணையத்தைத் தொடாத தனி இணைப்பில் ஃபயர்வாலை, அதாவது அனுமதியற்ற போக்குவரத்தைத் தடுக்கும் அரணை, கடக்கிறது. சரிபார்ப்புக்குத் திரும்பி வரும் விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பது மட்டுமே.

சர்வருக்கு நேர்வழி தராத இந்நெறி சிறு அலுவலகங்களுக்கும் பொருந்தும். வெளியாருக்கு இணையதளத்தைத் திறந்துவிட வேண்டுமெனில், ஃபயர்வாலுக்கும் உள்வலைப்பின்னலுக்கும் இடையே தனித்த பகுதி ஒன்றை அமைத்து, அங்குள்ள ரிவர்ஸ் பிராக்ஸி, அதாவது சர்வரின் சார்பில் கோரிக்கைகளை ஏற்றுச் சோதித்து அனுப்பும் இடைக்கணினி, வழியாக மட்டுமே அனுமதிப்பது நல்லது.