எரிக்காமல் எங்கே கொண்டு போடுவது?

மாலை ஆறரை மணி. எங்கள் படிப்பு மையத்தில் வகுப்பு தொடங்கும் நேரம். ஜன்னல் வழியாகப் புகை வந்தது. எல்லோருக்கும் கண் எரிந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை. முன்வரிசையில் இருந்த பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. கரும்பலகையில் எழுதிய பாடத்தை அன்று யாரும் படிக்கவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன். அடுத்த விளையில் ஒரு அக்கா குப்பையைக் கூட்டித் தீ வைத்திருந்தார். காய்ந்த இலை, தேங்காய்த் தொண்டு, பால் கவர், கடைச் சாமான் வந்த பைகள், பிள்ளையின் பழைய செருப்பு. எல்லாம் சேர்ந்து எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, பாட்டிக்கு மூச்சு முட்டுது. இதை எரிக்காதீங்க" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "எரிக்காம பின்ன எங்கே கொண்டு போட, மக்களே?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் எல்லோருக்கும் ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலம்தான். குழி வெட்டிப் புதைக்க இடம் இல்லை. சாலையோரம் போட்டால் சண்டை வரும். எரித்தால் கண்ணுக்கு முன்னே காணாமல் போய்விடுகிறது. அதனால் எரிக்கிறோம்.

ஆனால் உண்மையில் அது காணாமல் போவதில்லை.

புகைக்குள் என்ன இருக்கிறது?

விறகு நன்றாகக் காற்றோட்டத்தில் எரிந்தால் புகை குறைவு. குப்பை அப்படி எரிவதில்லை. ஈரமும் காய்ந்ததும் கலந்து கிடக்கும். உள்ளே காற்று புகாது. பாதி எரியும், பாதி கனன்று புகையும். அந்தப் புகையில் மிக நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. ஒரு தலைமுடியின் தடிமனை முப்பது பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அந்த அளவு சிறியவை. மூக்கில் உள்ள முடியால் இவற்றைத் தடுக்க முடியாது. நுரையீரலின் அடி வரைக்கும் போகும். சில துகள்கள் இரத்தத்திலும் கலக்கும். இருமல், இழுப்பு மட்டும் அல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் வர இது காரணமாகிறது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் பேர் காற்று மாசினால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

சில வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற நஞ்சு வரும். இது புற்றுநோய் உண்டாக்கும். காற்றில் போய் மண்ணிலும் புல்லிலும் படியும். அந்தப் புல்லைப் பசு தின்னும். அதன் பாலை நாம் குடிப்போம். காலையில் எரித்த கவர், வேறு வழியில் நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். எரிக்காமல் எங்கே கொண்டு போடுவது? இந்தக் கேள்வியில் பெரிய நகரங்களும் திணறியிருக்கின்றன. அவற்றின் கதையைத் தேடிப் படித்தேன். நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

விளப்பில்சாலை அடைத்த கதவு

திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை முன்பு விளப்பில்சாலைக்குப் போனது. அது நகரத்துக்கு வெளியே ஒரு கிராமம். 2000ஆம் ஆண்டில் அங்கே குப்பையிலிருந்து உரம் செய்யும் ஆலை தொடங்கியது. ஆனால் ஆலை தாங்காத அளவுக்குக் குப்பை வந்து குவிந்தது. நாற்றம். கிணற்று நீர் கெட்டது. ஊர் மக்கள் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. மறுபடியும் திறக்க முயன்றபோது பெண்கள் சாலையில் உட்கார்ந்து தடுத்தார்கள்.

நகரத்து மக்களுக்கு அப்போதுதான் கஷ்டம் தெரிந்தது. குப்பை எடுக்க லாரி இல்லை. தெருமுனைகளில் குவித்தார்கள். குவித்ததை எரித்தார்கள். நகரம் முழுக்கப் புகை.

அதே காலத்தில் ஆலப்புழைக்கும் இதே கதி வந்தது. அந்த நகரத்துக் குப்பையைக் கொட்டிய சர்வோதயபுரம் ஊர் மக்களும் லாரிகளைத் தடுத்துவிட்டார்கள். இனி வெளியே கொட்ட இடமே இல்லை. அப்போது ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவரவர் வீட்டில் உண்டாகும் குப்பையை அங்கேயே அல்லது அந்தத் தெருவிலேயே தீர்ப்பது. 2012இல் வேலை தொடங்கியது. வீடுகளுக்கு மானிய விலையில் சாண எரிவாயுக் கலன் போலச் சிறிய கலன்கள் கொடுத்தார்கள். அதில் மீன் கழிவும் சோற்று வடிநீரும் போட்டால் அடுப்புக்கு வாயு வரும். கலன் வைக்க முடியாதவர்களுக்குத் தெருவில் உரப்பெட்டிகள் வைத்தார்கள்.

அந்த உரப்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் இதைச் செய்யலாம் என்பதால் சொல்கிறேன். திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழி என்ற இடத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணை இருக்கிறது. அங்கே உருவான முறை இது. நான்கு அடி நீளம், நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம் உள்ள பெட்டி. பக்கச் சுவர்களில் இடைவெளி இருக்கும். காற்று உள்ளே போய் வரும். அடியில் பசுஞ்சாணம். அதன் மேல் காய்ந்த இலை. அதன் மேல் சமையலறைக் கழிவு. மறுபடியும் சாணம், இலை, கழிவு. இப்படி அடுக்கிக்கொண்டே வர வேண்டும். சாணத்தில் உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்யும். பெட்டிக்குள் சூடு ஏறும். கைவைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் புழுவும் நோய்க் கிருமியும் செத்துப்போகும். 90 நாளில் உரம் தயார். காற்றுப் போவதால் நாற்றம் வராது. காற்றுப் போகாத குப்பைதான் நாறும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பெட்டிக்குக் காய்ந்த இலை வேண்டும். நாம் தினமும் கூட்டி எரிக்கிறோமே, அதே இலைதான். ஆலப்புழையில் இந்தப் பெட்டிகள் வந்த பிறகு, காய்ந்த இலை குப்பை இல்லை, தேவையான பொருள் ஆனது. 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்களைப் பாராட்டியது. அதில் ஜப்பானின் ஒசாகாவோடு நம் ஆலப்புழையும் இருந்தது.

திருவனந்தபுரமும் இதே வழியில் வந்தது. வீட்டுக்கு இரண்டு குழாய், தெருவுக்கு உரப்பெட்டி. ஒரு குழாய் நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்த குழாயில் போட வேண்டும். அது நிறைவதற்குள் முதல் குழாயில் உரம் ஆகிவிடும். ஆனால் எல்லா வீட்டுக்காரர்களும் ஒழுங்காகச் செய்யவில்லை. பல வீடுகளில் குழாய் சும்மா நிற்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொச்சி நகரம் வேறு விதம். அது பிரம்மபுரத்தில் குவித்துக்கொண்டே இருந்தது. மலை போலக் குவிந்த குப்பைக்குள் காற்றில்லாமல் அழுகினால் எரியும் வாயு உண்டாகும். சிறு பொறி போதும். 2023 மார்ச் 2ஆம் தேதி அந்தக் குப்பை மலையில் தீப்பிடித்தது. பன்னிரண்டு நாள் அணையவில்லை. ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்தப் பணத்தில் எத்தனை உரப்பெட்டி செய்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. பாதியில் விட்டுவிட்டேன்.

தடை மட்டும் போதாது

லண்டன் நகரத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு எரியும். 1952 டிசம்பரில் பனியும் புகையும் கலந்து ஐந்து நாள் நகரத்தை மூடியது. பகலிலேயே வழி தெரியவில்லை. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். 1956இல் சட்டம் வந்தது. சில பகுதிகளில் புகை வரும் கரியை எரிக்கக் கூடாது. இதோடு நின்றிருந்தால் ஏழைகள் குளிரில் விறைத்திருப்பார்கள். அதே சட்டம் இன்னொன்றும் சொன்னது. புகையில்லாத அடுப்பு வைக்கிற செலவில் பத்தில் ஏழு பங்கு மக்கள் கையிலிருந்து போகாது. அது மானியமாக வரும். அதனால் அடுப்பு மாறியது. புகையும் குறைந்தது.

டெல்லியின் கதை கொஞ்சம் நீளம். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1985இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். டெல்லியின் காற்று மாசைப் பற்றியது. 1998 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நகரப் பேருந்துகள் எல்லாம் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும். இது சி.என்.ஜி. என்று சொல்கிறோமே, அந்த வாயு. டீசலைப் போலக் கரும்புகை வராது. உத்தரவு வந்தது. ஆனால் வாயு நிரப்பும் நிலையங்கள் போதவில்லை. ஆட்டோக்காரர்களும் பேருந்து ஓட்டுநர்களும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு அது கூலி போன நேரம். நிலையங்கள் கூடக் கூடத்தான் வேலை நடந்தது. 2002 முடிவதற்குள் நகரத்து டீசல் பேருந்துகள் எல்லாம் போய்விட்டன. காற்றும் சில ஆண்டுகள் தெளிவாக இருந்தது.

பிறகு? கார்களும் இருசக்கர வண்டிகளும் பெருகிவிட்டன. கட்டட வேலைத் தூசி. அறுவடை முடிந்த வயலில் எரிக்கும் வைக்கோல் தாள். இன்றைக்கும் குளிர்காலத்தில் டெல்லி மூச்சுத் திணறுகிறது. ஒரு அடுப்பை அணைத்துவிட்டு வேறு பத்து அடுப்பைப் பற்றவைத்தது போல ஆகிவிட்டது.

சூரத் நகரத்தில் செய்ததைப் படித்தபோது முதலில் சிரித்துவிட்டேன். புகையை விற்கிறார்களாம்! பிறகு நிதானமாகப் படித்தேன். குஜராத் மாநிலத்தில் உள்ள சூரத்தில் துணி ஆலைகள் நிறைய. 2019இல் ஒரு புது ஏற்பாடு வந்தது. ரேஷன் கடையில் கார்டுக்கு இவ்வளவு அரிசி என்று அளவு இருக்கிறது அல்லவா? அதுபோல எல்லா ஆலையும் சேர்ந்து இவ்வளவு துகள்தான் வெளியே விடலாம் என்று அளவு வைத்தார்கள். புகைபோக்கியில் அளக்கும் கருவியும் பொருத்தினார்கள். அளவை விடக் குறைவாக விடும் ஆலை, மீதிப் பங்கை விற்றுக் காசு பார்க்கலாம். அதிகமாக விடும் ஆலை காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆக, புகையைக் குறைத்தால் லாபம். இந்த ஏற்பாட்டில் சேர்ந்த ஆலைகளின் துகள் 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டார்கள். துகளுக்கு இப்படி ஒரு சந்தை இந்தியாவில் முதலில் அங்கேதான் வந்தது.

சென்னையில் போகிப் பண்டிகைக்குப் பழைய டயரும் துணியும் எரிப்பார்கள். 2018 போகி அன்று புகைமூட்டத்தில் விமானங்கள் இறங்க முடியவில்லை. இப்போது மாநகராட்சி ஆட்களே போகிக்கு முன்னால் வந்து பழைய பொருள்களை வாங்கிக்கொள்கிறார்கள்.

திருவனந்தபுரத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 2022 முதல் நகரத்துக்குள் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. பின்னால் நின்றாலும் முகத்தில் புகை அடிக்காது.

எல்லையில் இருக்கும் நமக்கு

களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் குப்பை லாரியை நிறுத்தலாம். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டு போய்க் கொட்டிவிட்டார்கள். தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் கேரள அரசே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டது. புகையை அப்படி அள்ள முடியாது. இஞ்சிவிளையில் எரித்தால் அந்தப் பக்கம் இருமுவார்கள். அங்கே எரித்தால் நாம் இருமுவோம்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாகக் குப்பை வாங்குகிறார்கள். நம் பக்கம் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் குடும்பஸ்ரீயைச் சேர்ந்தவர்கள். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்தில் மாதம் 50 ரூபாய். நல்ல பிளாஸ்டிக் மறுபடியும் பொருளாகிறது. சில வகையைத் துருவலாக்கித் தார்ச்சாலை போடச் சேர்க்கிறார்கள்.

இதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அம்பது ரூபாயா? ஒரு கிலோ அரிசி வாங்கலாமே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. முந்திரி ஆலை வேலை கிடைக்காத வாரம் அந்த வீட்டில் ஐம்பது ரூபாய் பெரிய காசுதான். பாட்டிக்கு இழுப்பு மருந்து வாங்க என்ன ஆகிறது என்று கேட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சேனைப் பெண்கள் வந்தபோது ஒரு சாக்குக் கொடுத்தார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. எந்த மாதம் என்ன பொருள் எடுப்பார்கள் என்று ஒரு அட்டவணை உண்டு. கண்ணாடி ஒரு மாதம், துணி ஒரு மாதம், செருப்பு ஒரு மாதம். அக்காவுக்குக் கிடைத்தது மலையாளத்தில் அச்சடித்தது. எங்கள் மையத்தில் எல்லோரும் தமிழ்தான் படிக்கிறார்கள். அதனால் அன்றைய பாடத்தை மாற்றினேன். அட்டவணையைக் கரும்பலகையில் தமிழில் எழுதினேன். எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அக்காவும் வந்திருந்தார். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"செருப்புக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே. அதுவரைக்கும் எங்கே வைக்க?" என்றார்.

"பழைய சாக்கில் போட்டுக் கட்டி விறகுப் புரையில் தொங்கவிடு" என்றார் பாட்டி.