தற்காப்பின் தருக்கம்: கீ டெபோரின் போர் விளையாட்டுப் பற்றிய ஒரு நோக்கு

போர் விளையாட்டுக்களை ஓய்வுவர்க்கத்தின் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் நம்மிடையே எளிதில் நிகழ்வதொன்று. அவற்றின் பிறப்பு அக்கணிப்புக்கு இடமளிக்கவே செய்கின்றது. புருசிய அதிகாரியான றெயிஸ்விற்ஸ் 1824இல் ஒழுங்குபடுத்திய விளையாட்டு, படை அதிகாரிகளைப் பயிற்றுதற்குப் பயன்பட்டது. ஆயின், 'காட்சிச் சமூகம்' (1967) என்ற நூலின் மூலம் முதலாளித்துவப் பண்பாட்டைக் கடுமையாக விமர்சித்த கீ டெபோரும் அத்தகைய விளையாட்டொன்றை உருவாக்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1965இல் ஆக்கவுரிமை பெறப்பட்ட அவ்விளையாட்டு, கிளவுஸ்விற்ஸின் கோட்பாட்டைத் தழுவி, நெப்போலியன் காலம்வரை நிலவிய போர்முறையைச் சித்திரிக்கின்றது. அதன் ஓர் ஆட்டத்தின் முழுப்பதிவினை 1987இல் அலிஸ் பெக்கர்-ஹோவுடன் இணைந்து டெபோர் நூலாகவும் வெளியிட்டார். அதிலே தற்காப்புச் சமரை நடத்துவோன் எதிர்நோக்கும் பிரச்சினைகளை இங்கு நோக்குவோம்.

பலகையில் 500 கட்டங்கள் உள. ஒவ்வொரு தரப்புக்கும் 9 காலாட்பிரிவுகள், 4 குதிரைப்பிரிவுகள், 2 பீரங்கிப்பிரிவுகள், போரிடாது தொடர்பை மாத்திரம் பேணும் 2 பிரிவுகள் என 17 காய்கள். 2 ஆயுதக் களஞ்சியங்கள். மலைகளும் கணவாயும் கோட்டைகளும் நிலத்தில் அமைந்துள்ளன. தாயக்கட்டை கிடையாது, தற்செயலின் மீது பழிபோட ஆடுவோனுக்கு வழியில்லை. களஞ்சியங்களிலிருந்து நேராகவும் மூலைவாட்டிலும் தொடர்புக்கோடுகள் செல்லும். தொடர்புப்பிரிவுகள் அவற்றை மேலும் பரப்பும். எதிரி அக்கோட்டின் குறுக்கே நின்றால், அதற்கப்பாற்பட்ட படை நகரவோ தாக்கவோ இயலாத வெறும் பொருளாகிவிடும்.

காலாட்பிரிவு ஒன்றின் தாக்கும் வலு 4, காக்கும் வலு 6. ஒன்றுக்கொன்று துணைநிற்கும் மூன்று பிரிவுகள் வெளியில் 18 வலுவுடன் நிற்கும். அவற்றுள் ஒன்றை அழிக்கக் காலாட்பிரிவுகள் ஐந்து கூடவேண்டும். தாக்கப்படும் பிரிவு கணவாயில் நிற்பின் அதன் வலு 8 ஆகும். மொத்தம் 20 ஆதலின் ஐந்து கூடினும் அது அசையாது. ஆனால் ஒரே வரிசையில் ஒட்டிநின்று பாயும் நான்கு குதிரைப்பிரிவுகளின் வலு 28. வெளியில் நிற்பதை அது துடைத்தெறியும். கணவாயிலோ கோட்டையிலோ உள்ளதன் மீது அவ்வாறு பாய விதி இடந்தராது.

இதனைக் கண்ட புதியவன் கோட்டைக்குள் ஒடுங்குகின்றான். அங்கு காலாட்பிரிவின் வலு 10 என்பது அவனை மயக்குகின்றது. கோட்டை தன்னளவில் எதனையும் காப்பதில்லை. தொடர்பு அறுந்தபின் அது உள்ளிருப்போரின் சிறையே. எனவே தளபதி காக்கவேண்டியது நிலத்துண்டை அன்று, உறவுகளின் வலையை. ஒருமுறைக்கு ஐந்து காய்களையே நகர்த்தலாம் என்ற விதி இதனை மேலும் கூர்மையாக்குகின்றது. ஒரு முறையிற் படை முழுவதையும் பின்வாங்கச் செய்ய இயலாது. எவற்றை முதலில் மீட்பது, எவற்றைப் பலிகொடுப்பது என்ற முடிவு எதிரி நெருங்குமுன்னரே எடுக்கப்படல் வேண்டும். மறுபுறம், முன்னேறும் எதிரியின் கோடு நீள்கின்றது. அதனைத் தாங்க அவனிடமும் இரண்டு தொடர்புப்பிரிவுகளே உண்டு. குதிரைப்படையை ஒதுக்கில் வைத்து, சில கட்டங்களை விட்டுக்கொடுத்து, அக்கோடு மெலியுமிடத்தில் வெட்டுவதே தேர்ந்த தற்காப்பு. இதனைக் கோழைத்தனமெனக் கருதும் ஆட்டக்காரர் உளர். அவர்கள் பெரும்பாலும் தோற்பவர்கள்.

தற்காப்பு வலுமிக்க போர்வடிவம், ஆனால் அதன் நோக்கம் எதிர்மறையானது என்பது கிளவுஸ்விற்ஸின் முடிவு. தக்க தருணத்தில் எதிர்த்தாக்குதலாக மாறாத தற்காப்பு அவருக்கு உடன்பாடன்று. ஏங்கெல்ஸ் 1858இல் மாக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரைப் பாராட்டியதும், லெனின் 1915இல் அவரது நூலிலிருந்து குறிப்பெடுத்ததும் இத்தகைய இயங்கியற் பார்வையின் பொருட்டே எனலாம்.

எனினும் வரலாற்றை அருகில் வைத்துப் பார்க்கையில் பலகையின் மௌனம் புலனாகின்றது. 1810 ஒக்ரோபரில் மசேனாவின் பிரெஞ்சுப் படை லிஸ்பனுக்கு வடக்கே தொறெஸ் வெட்றாஸ் அரண்வரிசையின் முன் தடைப்பட்டு, நவம்பரிற் சாந்தறெமுக்குப் பின்வாங்கி, 1811 மார்ச்சில் அங்கிருந்தும் வெளியேறத் தொடங்கியது. வெலிங்டனின் படைக்குக் கடல்வழியே உணவு வந்தது. மசேனாவின் படை பசித்தது. டெபோரின் விதிகள் இதனை ஒருவாறு விளக்கக்கூடும். ஆனால் அவ்வரண்களைக் கட்டியவர்கள் போர்த்துக்கேய உழைப்பாளிகள். எதிரிக்கு எதுவும் கிடைக்கலாகாதென ஆணையிடப்பட்டு, விளைச்சலை அழித்துவிட்டு ஊரைவிட்டகன்றோர் அந்நாட்டுக் குடியானவர்கள். அவர்களுட் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். வெலிங்டனின் தற்காப்புக்கு அவர்களே விலைகொடுத்தனர்.

தம் விளையாட்டில் மூன்று விடயங்கள் இடம்பெறவில்லை என்பதை டெபோரே ஒப்புக்கொண்டார்: காலநிலையும் இரவுபகலும், படையினரின் மனவுறுதியும் களைப்பும், எதிரி நிற்குமிடம் பற்றிய ஐயம். நேர்மையான ஒப்புதல்தான். நாம் நான்காவதொன்றைச் சேர்க்க வேண்டியுள்ளது. அவரது களஞ்சியம் எதிரி புகுந்தால் அழியும். ஆனால் எத்தனை முறை ஆடினும் அது வெறுமையாவதில்லை. அதனை நிரப்புவோர் எவரும் அந்த 500 கட்டங்களில் இல்லை.