வயிற்றினுள் ஒரு கம்பவுண்டர்

நான் வசிக்கும் மாதவரத்தைப் பால்பண்ணை ஊர் என்றே பலரும் அறிவர். பால் மலிந்த ஊரில் தயிருக்குக் குறைவு இராது. ஆயினும் சிறு வயது முதல் ஒரு விந்தையை நான் கண்டு வந்திருக்கிறேன். ஒரே பாலை இரண்டு வீட்டார் வாங்கிச் செல்கின்றனர். ஒரே விதமாகக் காய்ச்சி உறை ஊற்றுகின்றனர். ஒரு வீட்டுத் தயிர் கட்டியாகவும் இனிப்பாகவும் அமைகிறது. மற்றொரு வீட்டுத் தயிரோ நீர்த்துப் புளிக்கிறது. பால் ஒன்றுதான், உறைமோர் வேறு. அம்மோரில் வாழும் நுண்ணுயிர்கள், பாலின் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவை எவ்வகையைச் சேர்ந்தவையோ அதற்கேற்பத் தயிர் அமைகிறது.

நாம் விழுங்கும் மருந்துக்கும் இந்தக் கதை பொருந்தும் என்பதை நான் பள்ளியில் ஒருநாளும் கற்பித்ததில்லை. எனக்கே அது தெரியாது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, என் தமையனாரின் உயிரைப் பணயம் வைத்துத்தான் நான் அதைக் கற்றுக்கொண்டேன்.

என் தமையனார் திருவொற்றியூரில் வசிப்பவர். துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியமையால், மருத்துவர் அவருக்கு டிகாக்சின் என்னும் மருந்தைக் கொடுத்திருந்தார். 2019ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது அவர் என் இல்லத்திற்கு வந்திருந்தார். நெஞ்சில் சளி கட்டி இருமிக் கொண்டிருந்தார். எனக்கு முன்னொரு முறை இருமல் கண்டபோது வாங்கிய எரித்ரோமைசின் மாத்திரைகள் அலமாரியில் மீந்து கிடந்தன. மருத்துவரிடம் செல்வானேன், மழையில் நனைவானேன் என்று எண்ணி, அவற்றை எடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்தவன் என்னும் மிடுக்கு என்னை ஆட்டிப் படைத்தது. அவரோ, "நீ கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும், தம்பி" என்று வாங்கிக் கொண்டார்.

ஐந்தாம் நாள் அவருக்கு உணவு குமட்டிற்று. மறுநாள் விளக்கைப் பார்த்து, "ஏன் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது?" என்று கேட்டார். நாடியைத் தொட்டுப் பார்த்தேன். அது மிக மெதுவாக நடந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர், "இதய மாத்திரையைத் தவிர வேறு ஏதேனும் சாப்பிட்டீர்களா, ஐயா?" என்று வினவினார். தமையனார் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை, அம்மா" என்றார். நான்கு பேர் நடுவில் தலைமை ஆசிரியராகிய தம்பிக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்பது அவருடைய எண்ணம். நான்தான் முன் சென்று உண்மையைச் சொன்னேன்.

இரத்தத்தைச் சோதித்தார்கள். டிகாக்சின் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் ஏறியிருந்தது. அம்மருந்தை நிறுத்தி, இதயத்தை இரவும் பகலும் கவனித்து வந்தார்கள். சில நாட்களில் அவர் தேறினார். வீடு திரும்பும் நாளில் அந்த மருத்துவர் காரணத்தை எனக்கு விளக்கினார். அதன் பின் நானே தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே கூறுகிறேன்.

நம் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் சுமார் 200 கிராம்தான் தேறும். ஆனால் அவை சோம்பியிருக்கும் கூட்டமன்று. பிராணவாயு இல்லாத அவ்விடத்தில், நாம் செரிக்காமல் விட்ட பொருள்களைச் சிதைத்தும் மாற்றியும் வாழ்கின்றன. முற்காலத்து வைத்தியசாலைகளில் கம்பவுண்டர் ஒருவர் இருப்பார். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்தைக் கலந்து கொடுப்பது அவர் வேலை. நம் குடலிலும் அத்தகைய கம்பவுண்டர் ஒருவர் இருக்கிறார் எனலாம். ஆனால் இவர் டாக்டரின் சீட்டைப் படிப்பதில்லை. தம் விருப்பப்படி மருந்தை மாற்றிவிடுவார்.

டிகாக்சினின் கதை அத்தகையதே. 1785ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர், டிஜிடாலிஸ் என்னும் பூச்செடியின் இலை நீர்க்கோவைக்கு உதவுவதைப் பற்றி நூல் எழுதினார். அக்குடும்பச் செடியிலிருந்து 1930இல் பிரித்தெடுக்கப்பட்டதே டிகாக்சின். நோயைத் தணிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இம்மருந்தில் இடைவெளி மிகக் குறைவு. இதன் மூலக்கூறில் ஐந்து மூலை கொண்ட வளையம் ஒன்று உண்டு. எகர்தெல்லா லென்டா என்னும் குடல் பாக்டீரியா அவ்வளையத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்துவிடுகிறது. அந்தச் சிறு மாற்றம் போதும். மருந்து தன் வலிமையைப் பெரிதும் இழந்துவிடும்.

நியூயார்க்கில் ஜான் லிண்டன்பாம் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 1981இல் இதைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். டிகாக்சின் உண்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரது குடலில் மருந்தின் பெரும் பகுதி இவ்வாறு வீணாவதைக் கண்டார்கள். அத்தகையோருக்கு எரித்ரோமைசின் அல்லது டெட்ராசைக்ளின் கொடுத்தபோது அந்த மாற்றம் தடைப்பட்டது. இரத்தத்தில் டிகாக்சின் சிலருக்கு இரு மடங்கு வரை உயர்ந்தது. நோயாளி உண்ட மாத்திரை பழைய அளவுதான். அதில் ஒரு பங்கைத் தின்று வந்த பாக்டீரியாக்கள் அடங்கிவிட்டமையால் முழு அளவும் உடலுக்குள் சென்றது. முன்பு சரியாக இருந்த மருந்தே இப்போது மிகையாயிற்று.

மருத்துவர் இன்னொரு வழியையும் எனக்குச் சொன்னார். டிகாக்சினை உடலிலிருந்து வெளியே தள்ளும் புரதம் ஒன்று குடற்சுவரிலும் சிறுநீரகத்திலும் உண்டாம். எரித்ரோமைசின் இனத்து மருந்துகள் அதன் வேலையையும் தடுக்கக் கூடும். என் தமையனாருக்கு இவ்விரண்டில் எது எவ்வளவு தீங்கு செய்தது என்று யாரும் அளக்கவில்லை. மாத்திரையை எடுத்துக் கொடுத்தது மட்டும் என் கை.

இது அமெரிக்கர் வயிற்றுக் கதைதானே, நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்கு விடை நம் வேலூரிலிருந்தே கிடைத்தது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் வி. ஐ. மாத்தன், லிண்டன்பாம் குழுவினருடன் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 1989இல் வெளிவந்தது. தென்னிந்தியர் 204 பேருக்கு டிகாக்சின் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்ததில், 28 பேரிடம் மட்டுமே மாற்றமடைந்த மருந்து காணப்பட்டது. நியூயார்க்வாசிகள் 186 பேரில் 67 பேரிடம் அது இருந்தது. அஃதாவது இங்கே நூற்றுக்குப் பதினான்கு, அங்கே முப்பத்தாறு. இன்னும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. நம்மவருள்ளும், கிராமத்தாரைக் காட்டிலும் நகரத்தாரிடமும், புலால் அடிக்கடி உண்பவரிடமும் இம்மாற்றம் மிகுதியாக இருந்தது. ஊரும் உணவும் வாழ்க்கை முறையும் குடலின் இரசாயனத்தோடு தொடர்புடையவை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

பாக்டீரியா எப்போதும் மருந்தைக் கெடுக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சில மருந்துகள் அதன் உதவியின்றிப் பயன் தரமாட்டா. பெருங்குடல் புண்ணுக்குத் தரப்படும் சல்பாசலசீன் என்னும் மருந்து, இரண்டு பொருள்கள் ஒரு கண்ணியால் பிணைக்கப்பட்டது போன்றது. அது சிறுகுடலைப் பெரும்பாலும் அப்படியே கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் கண்ணியை அறுக்கின்றன. அப்போதுதான் புண்ணை ஆற்றும் பொருள் விடுபட்டு வேலை செய்கிறது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. 1993ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில், அக்கி நோய்க்காக சோரிவுடின் என்னும் புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. புற்றுநோய்க்கு ஃபுளூரோயுராசில் வகை மருந்துகளை உண்டு வந்தவர்கள் சிலர் அதையும் சேர்த்து உண்டனர். குடல் பாக்டீரியாக்கள் சோரிவுடினைச் சிதைத்து ஒரு பொருளை உண்டாக்கின. அப்பொருள், புற்றுநோய் மருந்தை உடைத்து அகற்றும் நொதியை முடக்கிவிட்டது. புற்றுநோய் மருந்து உடலில் தேங்கி நஞ்சாகி, சில வாரங்களுக்குள் பலர் உயிரிழந்தனர். தனித்தனியே கொடுத்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்கக் கூடும்.

மருந்தை மட்டுமன்றி நோயின் போக்கையும் இந்தக் கம்பவுண்டர் மாற்ற வல்லவர். நம் வடசென்னைக்குப் பழைய பகையாகிய காலராவை எடுத்துக் கொள்வோம். காலராவில் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. அதற்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறோம். வேலூரில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுப் பொருளை அந்நீரில் சேர்த்துக் கொடுத்தார்கள். அது பெருங்குடலை அடைந்தபோது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றின. அவ்வமிலங்கள் பெருங்குடலின் சுவரைத் தூண்டி, உப்பையும் நீரையும் உள்ளிழுக்கச் செய்தன. வழக்கமான நீரை உண்டவர்களைவிட இவர்களுக்குப் பேதி குறைந்தது; விரைவிலும் நின்றது. 2000ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆராய்ச்சியில், நோயாளியின் குடற் பாக்டீரியாக்களே மருத்துவருக்குத் துணை நின்றன.

இவ்வளவு தெரிந்தும், ஒருவருடைய குடலைச் சோதித்து, 'உமக்கு இம்மருந்து இத்தனை அளவு' என்று நிறுத்துக் கொடுக்கும் நிலை பெரும்பாலான மருந்துகளுக்கு இன்னும் வரவில்லை. ஆகையால் நம்மால் இயன்ற எளிய காரியங்களைச் செய்வதே அறிவுடைமை. ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவருக்குக் கொடுக்கலாகாது. கிருமிக் கொல்லி மருந்தைக் கடையில் தானே கேட்டு வாங்கலாகாது. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. இதைக் கேட்டு அஞ்சிக் காசநோய் மருந்தை விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். புதிதாக எந்த மருந்தைப் பெறும்போதும், ஏற்கெனவே உண்பவை அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். இதய மருந்து உண்பவருக்குக் குமட்டலோ, மஞ்சள் பார்வையோ, நாடித் தளர்ச்சியோ கண்டால் விடியும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

என் தமையனார் இப்போது நலமாக இருக்கிறார். அவர் உண்ணும் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; அது எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். சென்ற மாதம் பல் வலி என்று ஒரு மருத்துவரிடம் போனவர், நாற்காலியில் அமர்வதற்கு முன்பே அந்த அட்டையை எடுத்து நீட்டினாராம். "என் தம்பி எழுதியது, முதலில் இதைப் படியுங்கள்" என்றாராம். அதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது. சற்று வெட்கமாகவும் இருந்தது.

நேயர்களே, இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படி ஓர் அட்டை எழுதிக் கொடுங்கள். அலமாரியில் மீந்து கிடக்கும் மாத்திரைகளையும் அப்படியே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.